பால் போன வழி

நெல்லித்தோப்பு, புதுச்சேரி
11.6.2023, ஞாயிறு

விமல்,

நேற்று போனில் நாம் கத்திக்கொண்டதை அம்மா முழுவதும் கேட்டுவிட்டாள். பேச்சு போய்விட்டது, வலது கையும் காலும் போய்விட்டன, விழுங்குவதும் போய்விட்டது. காது மட்டும் போகவில்லை. நம் வீடு உனக்குத் தெரியும். கூடத்தின் நடுவில் கட்டில், அதிலிருந்து நான்கடியில் அடுப்பு. வெளியே போய்ப் பேசினால் தெருவே கேட்கும். அதனால் இனி போன் வேண்டாம். அவசரம் என்றால் கூப்பிடுகிறேன். மற்றதை எழுதுகிறேன், நீயும் எழுது. அந்தமானுக்கு ஸ்பீடு போஸ்ட் ஒரு வாரத்தில் போய்விடும் என்று தபால் ஆபீசில் சொன்னார்கள்.

"வாய் இருக்கிறப்ப மூக்குல எதுக்குக்கா குழாய வுட்டீங்க? மீனு கொழம்ப ஊத்திப் பெசஞ்சு குடுத்தா தின்னுட்டுப் போவுது" என்று கேட்டாய். அதற்குப் பதில் சொல்லாமல் நானும் கத்தினேன். இப்போது சொல்கிறேன்.

ஏப்ரல் 2-ஆம் தேதி அம்மாவுக்குப் பக்கவாதம் வந்தது. மூன்றாம் நாள் கதிர்காமம் ஆஸ்பத்திரியில் இனியா என்ற பெண் கட்டிலுக்கு வந்தாள். பேச்சுப் பயிற்சி கொடுப்பவள் என்றார்கள். பேசவைக்க வந்திருக்கிறாள் என்று நினைத்தேன். அவள் முதலில் பார்த்தது விழுங்குவதைத்தான். ஒரு ஸ்பூன் தண்ணீர் கொடுத்து, அம்மாவின் கழுத்தில் விரல் வைத்துப் பார்த்துவிட்டு, "ஆ சொல்லுங்கம்மா" என்றாள். அம்மாவின் 'ஆ' தண்ணீருக்குள்ளிருந்து வருவதுபோல் வந்தது. அன்றே வாய்வழி எதுவும் கூடாது என்று எழுதிவிட்டார்கள்.

எனக்குப் புரியவில்லை என்றதும் ஓ.பி. சீட்டின் பின்பக்கம் படம் வரைந்து காட்டினாள். தொண்டைக்குக் கீழே இரண்டு குழாய்கள். முன்னால் இருப்பது மூச்சுக்குழாய். கழுத்தின் அடிக்குழியில் விரல் வைத்தால் வளையம் வளையமாகத் தட்டுப்படும். அதற்குப் பின்னால், முதுகெலும்பை ஒட்டி, உணவுக்குழாய். சும்மா இருக்கும்போது அது சப்பையாக மூடிக் கிடக்கும். சோறும் காற்றும் தொண்டையில் ஒரே வழியாகத்தான் வருகின்றன. பிரியும் இடத்தில் குரல்வளை இருக்கிறது. நாம் விழுங்கும்போது மூச்சு நிற்கிறது, குரல்வளை மேலே ஏறுகிறது, அதன் மேலிருக்கும் மூடி சாய்ந்து மூச்சுக்குழாயை அடைக்கிறது, பின்னால் உணவுக்குழாயின் வாய் திறக்கிறது. எல்லாம் ஒரு விநாடி வேலை. அம்மாவுக்கு அந்த ஒரு விநாடி தப்பிப் போகிறது. உள்ளே போவது நெஞ்சுக்குப் போய்விடுகிறது.

மூக்கு வழியாக விட்டிருக்கும் குழாய் அந்த இடத்தைத் தாண்டி நேராக வயிற்றுக்குப் போகிறது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, தடவைக்கு இருநூறு மில்லி கஞ்சி. உட்காரவைத்து ஊற்றுகிறேன். பிறகு அரை மணி நேரம் படுக்கவிடுவதில்லை. உப்பளத்தில் பார்த்த ஜெராக்ஸ் கடை வேலையை விட்டுவிட்டேன்.

இரண்டு மாதம் ஆயிற்று. நீ வரவில்லை. ஏன் என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் வா.

ஹேமா


ஜங்லிகாட், போர்ட் பிளேர்
25.6.2023

அக்கா,

பேனா வாங்கக் கடைக்குப் போனேன். கடைக்காரன் "பையனுக்கு ஸ்கூலா?" என்றான். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

நீ எழுதிய படத்தை நான்கு தடவை படித்தேன். புரிகிறது. ஆனால் அது நம் அம்மாவின் தொண்டை என்று நம்ப முடியவில்லை. மார்க்கெட்டில் உட்கார்ந்து காரப்பொடிக் குழம்பும் சோறும் தின்றபடியே வியாபாரம் பார்த்தவள். எத்தனை முள் உள்ள மீன் அது. கையால் ஒரு முள்கூட எடுக்க மாட்டாள். நாக்கே பிரித்துக் கடைவாய்ப் பக்கம் ஒதுக்கும். அவள் பாட்டுக்கு விலை சொல்லிக்கொண்டிருப்பாள், முள் வரிசையாக வெளியே வரும். அவளுக்கு ஒரு ஸ்பூன் தண்ணீர் விழுங்க வரவில்லை என்கிறாய்.

நான் ஏன் ஊருக்கு வரவில்லை என்பது உனக்குத் தெரியும் என்கிறாய். நீ பக்கத்தில் இருந்தாய், அதனால் தெரியும். என் பக்கத்தையும் ஒரு தடவை எழுதிவிடுகிறேன். அப்பா ஜனவரியிலேயே படுத்துவிட்டார். பொங்கல் கழித்து வருகிறேன் என்றேன். ஐஸ் பேக்டரியில் ஆள் இல்லை, பிப்ரவரி என்றேன், பிறகு மார்ச் என்றேன். மார்ச்சில் கொரோனா என்று கப்பலையும் விமானத்தையும் நிறுத்திவிட்டார்கள். மே மாதம் அப்பா போனார். கடைசிப் பாலைச் சின்னம்மா மகன் ஊற்றினான். அன்று அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டுத் தெருவே கேட்கும்படி சொன்னாள்: "உங்கப்பன் வாயில ஊத்தாத பால எனக்கும் ஊத்த வேணாம். நான் சாவுறப்பக்கூட உன் கை என் வாய்மேல படக்கூடாது." பிறகு என்னோடு பேசவே இல்லை. மூன்று வருஷம்.

இப்போது அவள் பேச முடியாதவளாக இருக்கும்போது நான் வந்து நின்றால், வேண்டாம் என்று சொல்லக்கூட அவளால் முடியாது. அது திருட்டுத்தனமாக இருக்காதா?

ஒன்று செய். என் பெயரைச் சொல்லிப் பார். முகத்தில் என்ன தெரிகிறது என்று எழுது.

விமல்


நெல்லித்தோப்பு
15.7.2023

விமல்,

உன் பெயரைச் சொன்னேன். அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். சிறிது நேரம் கழித்துத் திறந்தாள். தூக்கமா கோபமா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததைத் தெரிந்ததுபோல் எழுத மாட்டேன்.

நல்ல செய்தி ஒன்று இருக்கிறது. வியாழன்தோறும் ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகிறேன். இனியா விழுங்கப் பழக்குகிறாள். வீட்டில் அதையே நான் செய்கிறேன். கேழ்வரகுக் கூழைக் கெட்டியாகக் காய்ச்சி, ஆறவைத்து, அரை ஸ்பூன். ஸ்பூனைக் கீழ் உதட்டில், இடப்பக்கமாக வைத்துக் காத்திருக்க வேண்டும். நாமாக உள்ளே தள்ளக் கூடாது, அவளாகத் திறக்க வேண்டும். வலப்பக்கம் உணர்ச்சி இல்லை. அந்தப் பக்கம் ஸ்பூன் வைத்தால் வைத்ததே அவளுக்குத் தெரியாது. திறந்து வாங்கியதும் மோவாயை நெஞ்சோடு சேர்த்து விழுங்கச் சொல்ல வேண்டும். பிறகு வெறும் வாயால் இன்னொரு தடவை. பிறகு 'ஆ'. 'ஆ' தெளிவாக வந்தால் அடுத்த ஸ்பூன். தண்ணீர்ச் சத்தமாக வந்தால் நிறுத்திவிட வேண்டும்.

எட்டு நாள் உதட்டைத் திறக்கவே இல்லை. ஒன்பதாம் நாள் திறந்தாள். இப்போது பழகிவிட்டது. கண்ணை மூடியிருந்தாலும் ஸ்பூன் பட்டால் திறக்கிறாள். நேற்று ஏழு அரை ஸ்பூன் உள்ளே போனது, ஏழும் சரியான வழியில்.

இனியாவிடம் ஒரு நாள் கேட்டேன், நான் சொல்வதற்காக விழுங்குகிறாளா, தானாக நடக்கிறதா என்று. "வாயத் தொறக்கிறது நம்ம இஷ்டம்க்கா. நாக்கு பின்னாடி தள்ளுற வரைக்கும் இஷ்டம். அதுக்கப்புறம் ஒடம்பு நம்மளக் கேக்காது" என்றாள். உணவுக்குழாய் மேலிருந்து கீழாகப் பிழிந்துகொண்டே வந்து பத்து விநாடிக்குள் வயிற்றில் சேர்த்துவிடுமாம். "தலகீழா நின்னு தின்னாலும் வயித்துக்குத்தான் போவும்." யாரம்மா அப்படித் தின்பார்கள் என்றேன். "எங்க காலேஜ்ல ஒருத்தன் நின்னான்க்கா, பிரியாணிக்குப் பந்தயம்" என்றாள். அம்மா சிரித்தாள். இடப்பக்கம் மட்டும்.

ஒன்றை மட்டும் இனியா திரும்பத் திரும்பச் சொல்கிறாள். கெட்டியாக இருப்பதற்குப் பயப்பட வேண்டாம், தண்ணீராக இருப்பதற்குத்தான் பயப்பட வேண்டும். தண்ணீர், காபி, பால், மோர், ரசம் எதுவும் கூடாது. கெட்டியானது மெதுவாக இறங்குவதால் மூடி சாய நேரம் கிடைக்கிறது. தண்ணீர் அதற்கு முன்பே ஓடிவிடும்.

வீராம்பட்டினத்திலிருந்து அன்னக்கிளி சின்னம்மா வாரத்துக்கு இரண்டு நாள் வருகிறாள். அக்காளைப் பார்க்க வருகிறாள் என்று பேர், பார்ப்பது என்னைத்தான். "ஏன்டி ஹேமா, மூணு மாசமா இழுத்துக்கிட்டுக் கெடக்குதே, எதுக்குக் காத்துக்கிட்டு இருக்குன்னு ஒனக்கு வெளங்கலையா?" என்றாள்.

"கூழுக்குத்தான் சின்னம்மா. பதினோரு மணிக்குக் குடுப்பேன்."

"ஒன் வாயி அப்படியே ஒங்கம்மா வாயிடி. அந்தப் புள்ள கையால ரெண்டு சொட்டுப் பாலு எறங்குனாத்தான் இந்த உசிரு போவும். பாத்துக்கிட்டே இரு."

அம்மா கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். சின்னம்மாவுக்கு நான் அன்று டீ போடவில்லை.

ஹேமா


ஜங்லிகாட்
2.8.2023

அக்கா,

ஏழு அரை ஸ்பூன் என்று படித்ததும் இங்கே கூட இருக்கிறவனுக்குச் சொன்னேன். "மூணரை ஸ்பூன்னு சொல்லேன்டா, என்னமோ ஏழு மூட்டை மாதிரி சொல்ற" என்றான்.

சின்னம்மா எனக்கும் போன் செய்தாள். உனக்குச் சொன்னதைத்தான் சொன்னாள், கொஞ்சம் அழுதாள். "அவ வாயால சொன்னது கோவத்துலடா விமலு. வவுத்துல இருக்கிறது வேற. நீ வந்து நில்லு, அவளே காட்டுவா" என்றாள். உன் மாதிரி ஆஸ்பத்திரிப் பேச்சுப் பேசவில்லை. அதனால் எனக்கு அது சரியாகப் பட்டிருக்கலாம். கோபப்படாதே.

செப்டம்பர் 6-ஆம் தேதி கப்பலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேன். 9-ஆம் தேதி சென்னை, அன்று ராத்திரிக்குள் வீடு.

அம்மாவிடம் இன்னொரு தடவை கேள். பெயரை மட்டும் சொல்லாமல், "விமல் வரலாமா" என்று கேள். வலது கை இல்லாவிட்டால் இடது கை இருக்கிறதே. ஆமாம் என்றால் ஒரு விரல், இல்லை என்றால் இரண்டு விரல்.

விமல்


நெல்லித்தோப்பு
22.8.2023

விமல்,

14-ஆம் தேதி அம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. மூச்சு வேகமாக வாங்கியது. கதிர்காமத்தில் ஆறு நாள் இருந்தோம். வலது நுரையீரலின் அடியில் சளி என்று எக்ஸ்ரேயில் காட்டினார்கள். உள்ளே போகக் கூடாதது ஏதோ போயிருக்கிறது என்றார்கள். எப்படி என்று எனக்குத் தெரியவில்லை.

காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனால் இரண்டு மாதத்தில் வந்தது போய்விட்டது. கூழை நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். மீண்டும் குழாய் மட்டும். பகலில் பாதி நேரம் தூங்குகிறாள். நெஞ்சு தேறியதும் அடுத்த மாதக் கடைசியில் முதலிலிருந்து தொடங்கலாம் என்று இனியா சொல்லியிருக்கிறாள். இன்னொரு தடவை இப்படி வந்தால் தாங்க மாட்டாள் என்றும் சொல்லியிருக்கிறாள்.

நீ கேட்கச் சொன்னதைக் கேட்டேன். விரலைத் தூக்கவில்லை. அப்போது காய்ச்சல் இருந்தது. எதையும் வைத்து எதையும் முடிவு செய்யாதே.

நீ வருவது நல்லதுதான். வருவதற்கு முன் இதைப் படித்துவிட்டு வா. வாயில் எதுவும் கொடுக்கக் கூடாது. யார் சொன்னாலும், எவ்வளவு கொஞ்சமானாலும் கூடாது. அம்மாவின் தொண்டையில் எந்நேரமும் கரகர என்று ஒரு சத்தம் வரும். எச்சிலை விழுங்க முடியாமல் அது அங்கேயே தேங்குவதால் வரும் சத்தம். இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து வாயைத் துடைத்துவிட்டால் அடங்கிவிடும். சின்னம்மா அதற்கு வேறு அர்த்தம் சொல்வாள். கேட்காதே.

ஹேமா


நெல்லித்தோப்பு
12.10.2023

விமல்ராஜுக்கு,

நீ கப்பல் ஏறிய நான்காம் நாள் பக்கத்து வீட்டுத் தையல்நாயகி வந்தாள். வாசலிலேயே நின்று அழுதாள். "பால நான்தாங்க்கா காய்ச்சிக் குடுத்தேன். சாவுற உசிருன்னு சொன்னாங்க. ஒங்களுக்குச் சொல்லலைன்னு எனக்குத் தெரியாதுக்கா. பதினாறு நாளும் சொல்லணும் சொல்லணும்னு நெனச்சேன்" என்றாள்.

செப்டம்பர் 12, செவ்வாய். காலை எட்டு மணிக்கு நான் மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்குப் போனேன். திரும்பி வரும்போது ஒன்றரை மணி. அம்மா இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்திருந்தாள். வாய் துடைத்திருந்தது. பரவாயில்லை, தம்பி கற்றுக்கொண்டான் என்று நினைத்தேன். சின்னம்மாவும் இன்னும் மூன்று பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். யாரும் என் முகத்தைப் பார்க்கவில்லை. அதை நான் அப்போது கவனிக்கவில்லை.

அன்று இரவே காய்ச்சல். 14-ஆம் தேதி ஆஸ்பத்திரி. 17-ஆம் தேதி காலை ஆறு பத்துக்கு அம்மா போய்விட்டாள்.

அந்த மூன்று நாளும் எனக்கு ஒரே பயம். கடைசி நேரத்தில் பால் ஊற்ற வேண்டும் என்று நீ கேட்பாய், நான் வேண்டாம் என்று சொல்ல வேண்டி வரும் என்று. நீ கேட்கவே இல்லை. கால்மாட்டில் நின்றாய். என் சொல்லை மதித்தான் என்று நினைத்தேன். அந்த நன்றியில் பதினாறு நாளும் உனக்கு முதல் சோறு போட்டேன்.

மூன்று ஸ்பூன் என்று தையல்நாயகி சொன்னாள். ஊற்றியது நீ.

என் கடிதங்கள் உன்னிடம் இருக்கின்றன. ஜூலை 15-ஐயும் ஆகஸ்ட் 22-ஐயும் எடுத்துப் பார். உனக்குத் தெரியாது என்று சொல்ல முடியாதபடி எழுதியிருக்கிறேன். கூடப் பிறந்தவனுக்கு ஒரு பெண் இதற்கு மேல் எப்படி எழுதுவாள் என்று எனக்குத் தெரியவில்லை.

பதில் எழுதுவதும் எழுதாததும் உன் விருப்பம்.

ஹேமலதா


ஜங்லிகாட்
5.11.2023

அக்கா,

உன் கடிதம் வந்து இரண்டு வாரம் ஆயிற்று. மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். இதைக் கிழிக்கவில்லை.

தெரியாது என்று சொல்லவில்லை. தெரியும். ஆகஸ்ட் 22 கடிதம் அன்று என் சட்டைப் பையில்தான் இருந்தது.

நீ போன பிறகு பத்து மணி வரைக்கும் ஒன்றும் இல்லை. அம்மா தூங்கினாள். பத்தரைக்கு அந்தக் கரகரப்பு அதிகமானது. நீ எழுதியபடி ஒருக்களிக்க வைத்தேன், துடைத்தேன். அடங்கியது. மறுபடி வந்தது, முன்பைவிடப் பெரிதாக. அப்போது சின்னம்மா மற்றவர்களோடு உள்ளே வந்தாள். கேட்டதும், "கபம் கட்டிக்கிச்சு. இன்னிக்குத் தாண்டாது" என்றாள். எச்சில்தான் சின்னம்மா என்று நான் சொன்னேன். சொன்னேன் அக்கா. "எத்தினி பேர வழியனுப்பியிருக்கேன், எச்சிலு எது, சாவு எதுன்னு எனக்குத் தெரியாதா? உங்கப்பனுக்கு விட்ட மாதிரி இதையும் வுட்டுட்டு அப்புறம் கப்பல்ல உக்காந்து அழு" என்றாள்.



உனக்கு போன் செய்திருக்கலாம். கையில் போனை எடுத்தேன். எடுத்தால் வேண்டாம் என்பாய் என்று தெரியும். அதனால் செய்யவில்லை. இதை உன்னிடம் மறைத்தால் இந்தக் கடிதத்துக்கே அர்த்தம் இல்லை.

சின்னம்மாதான் முதலில் ஊற்றினாள். அம்மா வாயைத் திறக்கவில்லை. உதட்டில் ஸ்பூனை வைத்து வைத்துப் பார்த்தாள். அம்மா பல்லைக் கடித்தபடியே இருந்தாள். பால் கன்னத்தில் வழிந்து தலையணைக்குப் போனது. "பாத்தியா, ஒங்கம்மா யாருக்குக் காத்திருக்கான்னு" என்று சொல்லி ஸ்பூனை என் கையில் கொடுத்தாள்.

அம்மா என்னைப் பார்த்தாளா என்று தெரியவில்லை, கண் பாதி மூடியிருந்தது. ஸ்பூன் உதட்டில் பட்டது. அவ்வளவுதான். திறந்தாள். நான் எதுவும் சொல்லவில்லை, கேட்கவில்லை. அவளாகத் திறந்தாள். ஊற்றினேன். கழுத்து மேலே ஏறி இறங்கியதைப் பார்த்தேன். இருமவில்லை. சின்னம்மா சத்தம் போட்டு அழுதாள். இரண்டாவது ஸ்பூனுக்கும் திறந்தாள், மூன்றாவதுக்கும் திறந்தாள். நான்காவது வைக்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மூன்று வருஷமாக என் காதில் ஓடிக்கொண்டிருந்த அந்தப் பேச்சு அப்போதுதான் நின்றது. உயிரோடு இருக்கும்போதே பொறுத்துக்கொண்டாள் என்று நினைத்தேன். ஆஸ்பத்திரியில் கடைசி நேரத்தில் நான் ஏன் கேட்கவில்லை என்றால், ஊற்றியாகிவிட்டது என்பதால்தான். உன் சொல்லை மதித்ததால் இல்லை.

நீ என்னை மன்னிக்க வேண்டாம். அதைக் கேட்க எழுதவில்லை. இங்கே ராத்திரி ஷிப்டில் பெட்டிகளுக்கு ஐஸ் தள்ளிக்கொண்டிருக்கும்போது ஒரே கேள்விதான் வருகிறது. நான் ஊற்றியது பாலா, விஷமா என்பதுகூட இல்லை. அவள் வாயைத் திறந்தது எனக்காகவா? அந்த வாயைப் பற்றி உன்னைவிடத் தெரிந்தவர்கள் இல்லை. நீ சொன்னால் நம்புவேன். இல்லை என்றாலும் நம்புவேன்.

விமல்


நெல்லித்தோப்பு
7.1.2024

விமல்,

உன் கேள்விக்கு உடனே பதில் எழுத முடியவில்லை. தெரிந்துகொண்டு எழுதலாம் என்று டிசம்பரில் கதிர்காமம் போய் இனியாவைப் பார்த்தேன். அம்மாவுக்காகப் போன வியாழக்கிழமைகளில் உட்கார்ந்த அதே பெஞ்சில், யாருமில்லாமல் போய் உட்கார்ந்தது ஒருமாதிரியாக இருந்தது. அவள் என்னைப் பார்த்ததும் கையில் இருந்த வேலையை வைத்துவிட்டு வந்தாள்.

செப்டம்பரில் அம்மாவைக் கொண்டுபோனது உன் மூன்று ஸ்பூன் பால்தானா என்று கேட்டேன். "யாராலயும் சொல்ல முடியாதுக்கா. பாலா இருக்கலாம். தூக்கத்துல எறங்குன எச்சிலா இருக்கலாம். ஆகஸ்ட்லயே நெஞ்சு கெட்டுப்போயிருந்திச்சு" என்றாள். பால் இல்லை என்று அவள் சொல்லவில்லை. அதையும் எழுதிவிடுகிறேன்.

இருமவில்லை என்று நீ எழுதியதையும் சொன்னேன். "இருமுறவங்களப் பத்தி எனக்கு அவ்ளோ பயமில்ல. உள்ள போனதே தெரியாம இருக்கிறவங்கதான் பயம்" என்றாள். பிறகு, "ஆகஸ்ட்ல உங்ககிட்டக் கேட்டேன், ஞாபகமிருக்கா?" என்றாள்.

இருக்கிறது. வேறு ஏதாவது வாயில் கொடுத்தீர்களா என்று கேட்டாள். இல்லை என்றேன். உனக்கு எழுதியபோதும், எப்படி என்று தெரியவில்லை என்றேன். இரண்டும் பொய்.

மார்க்கெட்டிலிருந்து வந்ததும் நான்கு மணிக்கு அம்மாவுக்குக் காபி வேண்டும். படுத்த பிறகும் நான்கு மணி ஆனால் அடுப்பையே பார்த்துக்கொண்டிருப்பாள். நான் என் டம்ளரைக் கழுவப் போட்டால் இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டுவாள். கூழ் நன்றாக இறங்குகிறதே என்று ஜூலை 28-ஆம் தேதி ஒரு ஸ்பூன் காபி கொடுத்தேன். இருமவில்லை. 'ஆ' சொல்லச் சொல்லவில்லை, எனக்கே பயமாக இருந்தது. அடுத்த நாள் இரண்டு ஸ்பூன். காய்ச்சல் வந்த நாள் வரைக்கும் தினமும் இரண்டு ஸ்பூன். அது எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு விளையாட்டு மாதிரி ஆகிவிட்டது. சின்னம்மா வந்தால் அம்மா காபியைப் பார்க்காததுபோல் முகத்தைத் திருப்பிக்கொள்வாள்.

அக்டோபரில் உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதியவள் இதைச் செய்தவள்தான். எழுதும்போது காபி ஞாபகத்தில் இருந்தது. இருந்ததால்தான் அவ்வளவு கடுமையாக எழுதினேன் என்று இப்போது தோன்றுகிறது. அந்தக் கடிதத்தில் உள்ளது எதுவும் பொய் இல்லை. ஆனால் அதை எழுத எனக்கு உரிமை இருந்ததா என்று தெரியவில்லை.

இனி உன் கேள்வி.

ஸ்பூன் உதட்டில் பட்டால் வாயைத் திறக்க அம்மாவைப் பழக்கியது நான். ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு மாதம். ஜூலையில் உனக்கே எழுதியிருக்கிறேன், கண்ணை மூடியிருந்தாலும் திறக்கிறாள் என்று. நீ எழுதியதைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது அதுதான். என் ஸ்பூனுக்குத் திறந்தது போலவே உன் ஸ்பூனுக்கும் திறந்தாள். இதை உனக்குச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மூன்று வாரம் யோசித்தேன். அம்மா விஷயத்தில் இனி யாரிடமும் எதையும் மறைப்பதில்லை என்று முடிவு செய்ததால் சொல்கிறேன்.

ஆனால் அது மட்டும் காரணம் என்றால் சின்னம்மாவுக்கும் திறந்திருக்க வேண்டும். சின்னம்மா உதட்டில்தான் வைத்தாள் என்கிறாய். ஒரு தடவை இல்லை, பல தடவை. அம்மா பல்லைக் கடித்துக்கொண்டாள். பழக்கம் என்றால் ஆள் பார்க்காது. ஏன் அவளுக்கு மூடிக்கொண்டு உனக்குத் திறந்தாள்?

எனக்குத் தெரிந்து அதற்கு ஒரு சாதாரணக் காரணம் இருக்க முடியும். சின்னம்மா கட்டிலின் வலப்பக்கம் உட்கார்ந்திருக்கலாம். அந்தப் பக்கத்து உதட்டில் வைத்தது அம்மாவுக்குத் தெரிந்தே இருக்காது. நீ இடப்பக்கம் உட்கார்ந்திருந்தால் கணக்கு முடிந்தது. சின்னம்மாவும் இடப்பக்கம்தான் இருந்தாள் என்றால், என்னிடம் வேறு காரணம் எதுவும் இல்லை. அப்போது நீ நினைப்பதுதான்.

தையல்நாயகி அங்கே நின்றுகொண்டிருந்தாள். தினமும் காலையில் தண்ணீர் பிடிக்கும்போது அவளைப் பார்க்கிறேன். யார் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார்கள் என்று ஒரு வார்த்தை கேட்டால் தெரிந்துவிடும். இன்று காலையும் குழாயடியில் இருவரும் நின்றோம், பொங்கலுக்கு என்ன விலைக்குக் கரும்பு வரும் என்று பேசினோம். நான் கேட்கவில்லை. கேட்கப் போவதில்லை.

உனக்கு ஞாபகம் இருந்தாலும் எனக்கு எழுதாதே.

அக்கா